அப்பனையும் கூட்டிக்கிட்டு வாங்க

 

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள்’. நான் குழந்தையைப் பற்றிக் கொஞ்சமும், அது வளர்கிற வீட்டைப் பற்றி நிறையவும் பேசப் போகிறேன்.

ரெண்டு வயசாகியும் பிள்ளை பேசவில்லையே என்று தாய் கவலைப்பட்டால் மாமியார் என்ன சொல்வார்? “இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான். ஆம்பளப்பிள்ளை மெதுவாத்தான் பேசும்.” நாக்கில் வசம்பு உரசித் தடவுவார்கள். கோயிலுக்கு மணி கட்டுவதாக நேர்ந்துகொள்வார்கள். நேர்த்திக்கடனோடு எனக்குச் சண்டை இல்லை. மணியும் கட்டுங்க, காது டெஸ்ட்டும் எடுங்க; காது கேட்டால்தானே பேச்சு வரும். பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைப் பரிசோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாமோ மூணு வயசு வரைக்கும் அப்பனை உதாரணம் காட்டிக்கொண்டு இருக்கிறோம்!

அஞ்சு மாதத்தில் தலை நிற்கவில்லை, பத்து மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயசில் நடக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது... இதில் எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாக வீடு திரும்புங்க, பஸ் காசோடு போச்சு.

எங்கே காட்டுவது? 2013-இல் மத்திய அரசு தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். திட்டம் நல்ல திட்டம். ஆனால் நம்ம சாணார்பட்டியிலிருந்து நத்தம் ரோட்டில் பஸ் பிடித்து, நடக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துத் திண்டுக்கல் போய் வருகிற தாய்க்கு அங்கே கிடைப்பது ஒரு மணி நேரப் பயிற்சி. வாரத்தில் மிச்ச நேரமெல்லாம் பிள்ளை யார் கையில்?

இந்தக் கேள்விக்குப் பதில் செய்து காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் தடை தாண்டும்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் சங்கரராமன் அவருக்குத் தோள்கொடுத்தார். அந்தச் சங்கம் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. கையிலிருக்கும் போனில் ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் பதிந்து, மேலே இருக்கும் சிகிச்சை நிபுணர்களிடம் யோசனை கேட்டுக்கொள்கிறார்கள். சென்னையில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்திலும் தாயை வாசலில் காக்க வைப்பதில்லை. பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படி என்ன கற்றுக்கொள்கிறார்கள்? ஒன்று சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைக் காலை நீட்டி மல்லாக்கப் போட்டுச் சங்கில் கஞ்சி ஊற்றுவோம். கை வழக்கம் அது. தலை பின்னால் சாய்ந்தால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அடிக்கடி சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு அலைவோம். அதே பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை லேசாக முன்னால் குனிய விட்டு, தாடையை விரலால் தாங்கி, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிச் சின்னக் கரண்டியில் கொடுத்துப் பாருங்க. ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். இதற்குத் தனியாக மிஷின் வேண்டாம், சொல்லிக்கொடுக்க ஆள்தான் வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கு ஒரு கையில் கொய்யா, இன்னொரு கையில் பிஸ்கட் காட்டி “எது வேணும்?” என்று கேளுங்க. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கணும். நம்மால் முடியாத காரியம் அதுதான்! பிள்ளை கை நீட்டுவதற்குள் ரெண்டையும் வாயில் திணித்துவிடுவோம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். வீட்டிலேயே பயிற்சி என்று சொன்னதும், நம்ம ஊரில் எல்லாவற்றையும் தாய் தலையில் கட்டிவிடுகிறோம். மில் வேலையை விடுவது அவள். பஸ் ஏறுவது அவள். “ஒன் வயித்துல பொறந்ததுதானே” என்று பேச்சு வாங்குவதும் அவள். ஆய்க்குடியில் பிள்ளை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதோடு, வளர்ப்பவரின் மனச்சுமை குறைந்ததா என்றும் சேர்த்து அளக்கிறார்கள். அந்த அளவுகோலை நம் வீடுகளில் வைத்தால் எத்தனை ஆண்கள் தேறுவோம்? சாயங்காலம் டீக்கடையில் போகிற நேரத்தில் பாதியைக் கொடுத்தாலே பிள்ளைக்கு நடைவண்டி பிடிக்க ஆள் கிடைத்துவிடும். மாமனாரும் மாமியாரும் அந்தப் பயிற்சியைக் கண்ணால் பார்த்தால்தான் ‘பிள்ளையை வதைக்கிறா’ என்ற புகார் நிற்கும்.

அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. அறிவுசார் குறைபாடும் கடும் பாதிப்பும் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி தருகிறது. விடுபட்டவர்கள் கேட்டு வாங்குங்க. பயிற்சி தருபவரை வாரம் ஒரு நாள் சாணார்பட்டிக்கே அனுப்புங்கள் என்று கிராமசபையில் தீர்மானம் போடச் சொல்லுங்க. வரும் வரைக்கும் விடாதீங்க.

அந்த ஓரத்து மேசையில் அங்கன்வாடி டீச்சர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தாய் சேய் அட்டை கையில் இருப்பவர்கள் பிள்ளையின் வயசையும், அது செய்வதையும் செய்யாததையும் சொல்லிப் பதிந்துகொள்ளுங்க. மருத்துவக் குழு வரும்போது அந்த நோட்டைத்தான் முதலில் அவர்களிடம் நீட்டப் போகிறோம். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிற அப்பாக்களே, நீங்களும் வரிசைக்கு வாங்க. டீ அதுக்கப்புறம்தான்.