கண்டி வீடுகளின் புதிய சமையலறை

கண்டியிலே புதுவீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களில் இக்காலத்தில் அதிகம் பேசப்படுவது வரவேற்பறையைப் பற்றியன்று, சமையலறையைப் பற்றியே. ஒரு தலைமுறைக்கு முன்னர், வீட்டுத் தலைவர் மேசனாருடன் நின்று முன் விறாந்தையின் நீளத்தையும் தூண்களின் தொகையையும் தீர்மானிப்பார். குசினி பின்புறத்து மூலையொன்றில் தானாகவே அமைந்துவிடும். இன்றோ, கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் பேராதனையிலும் எழும் வீடுகளில், அத்திவாரம் இடுவதற்கு முன்னரே 'பான்ட்ரி எந்தப் பக்கம்?' என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை எழுப்புகின்றவர் பெரும்பாலும் இல்லத்தரசியே என்பது கவனிக்கத்தக்கது.

பான்ட்ரி என்னும் இச்சொல்லை நேயர்களுட் பலர் நன்கு அறிவர். பிற நாடுகளில் மொடியுலர் கிச்சின் எனப்படுவதையே இலங்கையர் இப்பெயரால் வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் உணவுப் பண்டம் சேமிக்கும் சிற்றறையைக் குறித்த சொல், இங்கே பளபளக்கும் அலுமாரிகள் பொருத்திய முழுச் சமையலறைக்கும் பெயராகிவிட்டது. கடல் கடந்து வந்த சொற்கள் இவ்வாறு தொழில் மாறுவது புதுமையன்று. குசினி என்பதே போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அலுமாரியும் அவ்வழி வந்ததே.

இப்புதிய அமைப்பின் தத்துவம் மிக எளிது. தச்சர் வீட்டில் அமர்ந்து, சுவருக்கேற்ப ஒரே அலுமாரியாகச் செய்து முடிக்கும் பழைய முறைக்கு மாறாக, குறித்த அளவுகளையுடைய பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து கொணர்ந்து, ஒன்றோடொன்று பூட்டுவர். தரையில் நிற்கும் பெட்டிகளுக்கு ஆழம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். அகலம் 30, 45, 60, 90 என்றவாறு படிப்படியாக அமையும். சுவரில் தொங்குவனவற்றுக்கு ஏறத்தாழ அதிற் பாதி ஆழமே. மேலே கருங்கற் பலகையோ செயற்கைக் கல்லோ விரிக்கப்படும். ஒரு பெட்டி பழுதுபட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். வீடு மாறும்போது அனைத்தையும் உடன் கொண்டு செல்லலாம் என்றும் விற்பனையாளர் கூறுவர். அவ்வாறு கொண்டு சென்றவர் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

இக்கருத்து பிறந்த இடம் செல்வர் மாளிகையன்று என்பதை அறிந்தால் பலர் வியப்பர். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் தொழிலாளருக்கு வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. நகராட்சி பெருந்தொகையான சிறு வீடுகளைக் கட்ட முற்பட்டபோது, 1926ஆம் ஆண்டில், மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்னும் ஒஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் அவ்வீடுகளுக்கென ஒரு சமையலறையை வகுத்தார். அதன் அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். புகையிரத உணவு வண்டியில், கையெட்டும் தூரத்தில் அனைத்தையும் வைத்துக்கொண்டு சமையற்காரர் பலருக்கு உணவு ஆக்குவதே அவருக்கு முன்மாதிரியாயிற்று. புழு அண்டாதிருக்க மாவுப்பெட்டியை ஓக் மரத்தாற் செய்வித்தார். ஈ அணுகாது என்ற எண்ணத்தில் அலுமாரிகளுக்கு நீல வண்ணம் பூசுவித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அச்சமையலறை பொருத்தப்பட்டது. சுவையான செய்தி யாதெனின், அதனை வரைந்த காலத்தில் தமக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டமைதான். குடியேறிய பெண்களிற் சிலர், அறை மிகக் குறுகலானது, பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளவும் இடமில்லை என்று குறைகூறினர் என்பதும் வரலாறு.

எனினும், பெண்ணின் காலடிகளை எண்ணிப் பார்த்த அந்த எண்ணம் உயர்ந்ததே. 1940களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தார் இதனை மேலும் ஆராய்ந்து, அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாகக் கொண்டனர். முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் கூட்டினால் 4 மீற்றருக்குக் குறையாமலும் 8 மீற்றருக்கு மிகாமலும் இருத்தல் நன்று என்பது விதியாயிற்று. குறைந்தால் நெருக்கடி, மிகுந்தால் வீண் நடை.

கண்டிப் பகுதியின் பழைய குசினியை இவ்விதியால் அளந்து பார்த்தால் உண்மை புலப்படும். அடுப்பு வீட்டின் பின்புறத்தே, தண்ணீர் கிணற்றடியிலோ முற்றத்துக் குழாயடியிலோ, அரிசியும் மிளகாயும் உள்ளறையில், அம்மி தாழ்வாரத்தில். ஒரு வேளைச் சோற்றுக்கும் இரண்டு கறிக்கும் ஒரு தாய் எத்தனை முறை எழுந்து, குனிந்து, நடந்திருப்பாள் என்பதை எவரும் எண்ணியதில்லை. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்ற முதியோரை நினைவிற் கொண்டவர், புதுமுறையை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கமாட்டார். வீட்டு அடுப்புப் புகையால் விளையும் காற்று மாசு காரணமாக உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆயினும் குறை எங்கே நேர்கின்றது? குண்டசாலைப் பக்கத்தில் ஒரு வீடு என வைத்துக்கொள்வோம். மகன் வெளிநாட்டில் உழைத்த பணத்தில் பல இலட்சம் ரூபா செலவிட்டு வெண்ணிறப் பான்ட்ரி ஒன்று அமைக்கப்பட்டது. முதல் மாதம் அயலவர் வந்து பார்த்து வியந்தனர். இரண்டாம் மாதம் கருவாடு பொரித்த மணம் வரவேற்பறைத் திரைச்சீலை வரை பரவியது. மூன்றாம் மாதம், மிளகாய்த்தூள் வறுத்த புகையால் மேலலுமாரியின் வெண்மை மங்கத் தொடங்கியது. நான்காம் மாதம் வீட்டின் பின்புறத்தே தகரக் கூரையிட்ட கொட்டில் ஒன்று எழுந்தது. மாமியார் அங்கே சமைக்கின்றார். மருமகள் பான்ட்ரியில் தேநீர் ஊற்றுகின்றார். இவ்வாறு ஒரே வீட்டில் பார்ப்பதற்கொரு குசினி, சமைப்பதற்கொரு குசினி என்னும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. புதிய வீடுகளின் வரைபடங்களிலேயே இரண்டும் இடம்பெறுகின்றன. நிலமும் பணமும் உடையோர்க்கு அது பொருந்தலாம். மலைச்சரிவில் ஆறேழு பேர்ச்சுக் காணியைச் சமன்செய்து வீடு கட்டுவோர்க்கு, ஒரே வேலைக்கு இரண்டு அறை என்பது பெருஞ்சுமையாகும்.

காரணம், வரைபடம் பிறந்த நாட்டின் சமையல் வேறு, இந்நாட்டின் சமையல் வேறு. அங்கே வேகவைத்தலும் கணப்பில் வாட்டுதலும் மிகுதி. இங்கே தாளித்தல், வறுத்தல், தேங்காய் திருவிப் பால் பிழிதல், பிட்டு அவித்தல், இடியப்பம் பிழிதல். இடியப்ப உரலை அழுத்துவதற்கு உடற்பாரம் முழுவதும் மேலிருந்து இறங்கவேண்டும். ஐரோப்பிய அளவாகிய 90 சென்ரிமீற்றர் உயரப் பலகையின் முன்னே, ஐந்தடி உயரமுள்ள பெண்ணொருத்தி தோளை உயர்த்தியே நிற்க நேரிடும். மாலையில் தோள் நோவு என்பாள். முழங்கையின் உயரத்திலிருந்து 10 அல்லது 15 சென்ரிமீற்றர் தாழ்ந்து பலகை அமைதல் வேண்டும் என்பது அறிந்தோர் கூற்று. அவ்வாறாயின் அவளுக்கு 80 முதல் 85 சென்ரிமீற்றரே போதும். பெட்டியின் அடிக்காலைச் சிறிது குறைத்தால் முடிந்துவிடும் காரியம் இது. ஆனால் அளவெடுக்க வருபவர் சுவரை அளக்கின்றாரேயன்றி, சமைப்பவரை அளப்பதில்லை.

அடுத்தது ஈரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 வீதத்திற்குக் குறைவதில்லை. மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணைத் தாங்கும் பின்சுவர் மழைக்காலத்தில் கசியும். அச்சுவரோடு ஒட்டி மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகையைப் பொருத்தினால், அது நீரை உறிஞ்சி, ஊறிய பாண் துண்டு போல உப்பிவிடும். ஒருமுறை உப்பியது மீண்டும் பழைய நிலையை அடையாது. கழுவுதொட்டியின் கீழுள்ள பெட்டிக்கே இக்கேடு முதலில் வரும். கொதிநீர் தாங்கும் ஒட்டுப்பலகை விலை கூடியதாயினும் அவ்விடத்துக்கு அதுவே ஏற்றது. பெட்டிகளின் பின்னே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுக் காற்றோடச் செய்தலும், கறள் பிடிக்காத உருக்குப் பிணைச்சல்களைக் கேட்டு வாங்குதலும் பின்னர் வரும் செலவைத் தடுக்கும். கறையான் மிகுந்த நிலமாயின் பெட்டிகள் தரையைத் தொடாது கால்களின் மேல் நிற்பதே நன்று.

2022ஆம் ஆண்டு இச்சமையலறைகளுக்கு ஒரு சோதனைக் காலமாக வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் பல நிகழ்ந்து மக்கள் அஞ்சியிருந்தனர். பின்னர் அந்நியச் செலாவணி வற்றியது. சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. எரிவாயுவும் மின்சாரமும் ஒருங்கே இல்லாதபோது, புகைபோக்கியற்ற அழகிய பான்ட்ரியில் ஒரு குவளை நீர் சுடவைக்கவும் வழியில்லை. மாடி வீடுகளில் வாழ்ந்தோர் பட்ட பாடு பெரிது. பின்புறக் கொட்டிலை இடித்துவிடாமல் வைத்திருந்த வீடுகளில் மட்டும் அடுப்பு எரிந்தது. அந்நாட்களில் பலரும் மீண்டும் தேடியது 'அனகி' என்னும் களிமண் அடுப்பை. ஒரே தீயில் இரண்டு பாத்திரம் ஏற்றக்கூடிய இவ்வடுப்பு 1980களில் விறகைச் சிக்கனப்படுத்தவென உருவாக்கிப் பரப்பப்பட்டது. விலைமதிப்பற்றது என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள்.

சமைப்பவரைக் கேட்டபின் வீட்டை வரையும் வழக்கம் கண்டிக்குப் புதிதன்று என்பதை இங்கே குறிப்பிடுதல் தகும். 1918ஆம் ஆண்டில் பிறந்து கண்டியைத் தம் வாழ்விடமாகக் கொண்ட மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் துணை உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்மணியாவார். வாவியை நோக்கிய மலைச்சரிவில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லம், நவீன கட்டடக் கலையும் தும்பறைப் பாய் நெசவு முதலிய உள்ளூர்க் கைவினையும் இணைந்த வீடாகப் புகழ்பெற்றது. ஆனால் இப்பொருளுக்கு அதனினும் நெருங்கியது 1950களின் பிற்பகுதியில் அவர் ஈடுபட்ட வத்தப்புளுவ வீடமைப்புத் திட்டம். அரச ஊழியருக்கென அமைந்த அத்திட்டத்தில், குடியேறவிருந்த குடும்பங்களுக்கு வினாக்கொத்து வழங்கி, அவர்களோடு பேசி, அவரவர் வாழ்க்கை முறையையும் செலவு வசதியையும் அறிந்தே வீட்டு வகைகளை வகுத்தார். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தவையாக அமையவில்லை. இவ்வளவு பழகிய வழியொன்று நகரின் எல்லையிலேயே இருக்க, அட்டவணையிலுள்ள படத்தைச் சுட்டிக்காட்டி 'இதைப் போல' என்று சொல்லிவிடுவது ஏனோ!

நகரைவிட்டு கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை எனத் தோட்டப்புறம் செல்லும்போது பேச்சு வேறாகின்றது. ஆங்கிலேயர் காலத்து லயன் வரிசைகளில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றும், அதன் முன்னே குறுகிய தாழ்வாரமுமே கிடைத்தன. உறங்குமிடத்தின் அருகிலேயே அடுப்பு, கூரையெங்கும் கரி. அண்மைக் காலத்தில் இந்திய அரசின் உதவியுடன் மலையகத்திற் கட்டப்படும் தனிவீடுகள் 550 சதுர அடியில், தனிச் சமையலறையோடு அமைகின்றன. முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் இத்திட்டத்துக்குரியவை. இங்கே பான்ட்ரி அலுமாரி பற்றிய பேச்சு ஏளனமாகத் தோன்றலாம்; உண்மையில், அளவறிந்து அடுக்கும் அறிவு மிகவும் பயன்படுவது இங்கேதான். பிராங்பேட்டின் சமையலறையும் தொழிலாளர் வீட்டுக்கே வகுக்கப்பட்டதன்றோ? சீமெந்துத் தட்டு இரண்டு, சுவரோடு ஒட்டிய புகைபோக்கி ஒன்று, விறகு உலர மேலே ஒரு பரண், கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தவுடன் கைகழுவும் தொட்டி ஒன்று, இவை சரியான இடத்தில் அமைந்தாற் போதும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேல் விறகிலேயே சமைத்தன. புகைபோக்கியில்லாத புதுச் சமையலறையைக் கட்டிக்கொடுத்தால், அக்குடும்பம் அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பை வெளியிலேதான் மூட்டும்.

பான்ட்ரி செய்விக்க எண்ணும் இல்லத்தரசியர் மற்றொரு சிறு பொருளையும் மறந்துவிடுதல் கூடாது. மேசை விளிம்பிற் பூட்டித் தேங்காய் திருவும் இரும்புத் திருவலையைக் கடைக்காரர் அறிவார். பலகை வெட்டுபவர் அறியார். கற்பலகை அலுமாரியின் முகத்தோடு ஒட்டி வெட்டப்பட்டால் திருவலையின் பிடி கவ்வ இடமிராது. ஓரிடத்தில் மட்டுமாயினும் பலகை ஐந்து சென்ரிமீற்றர் வெளியே நீளவேண்டும். அதன் கீழே இழுப்பறை இருத்தலாகாது. கல்லை வெட்டிய பின் இதனைச் சொல்லிப் பயனில்லை. அளவெடுக்க வருபவர் வீட்டு வாயிலில் நிற்கும்போதே, திருவலையைக் கையில் எடுத்துவந்து காட்டிவிடுவது நன்று.