இரண்டாவது விருப்பம் யார்?

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒன்பது நண்பர்கள் மதிய உணவுக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்கு மீன்தலைக் கறி, மூவருக்குத் தோசை, இருவருக்குப் பொங்கல். கை தூக்கச் சொன்னால் மீன்தலைக் கறிக்குத்தான் வெற்றி. ஐந்து பேர் சைவம் என்பது எடுபடாது. “பொங்கல் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?” என்று கேட்டு, அந்த இருவரும் தோசை என்றால், ஐந்துக்கு நான்கு என்று தோசை வென்றுவிடும். விருப்ப வரிசை வாக்களிப்பு இவ்வளவுதான்.

இதை எண்ணித் தரும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. ‘ஓபாவோட்’ போன்ற இணையச் சேவைகளில், அதே வாக்குச்சீட்டுகளைப் பல முறைகளில் எண்ணிப் பார்க்கலாம். முறை மாறினால் ஆளும் மாறலாம். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தலில் முதல் விருப்பங்களில் முந்தியவர் கர்ட் ரைட். கடைசியாக வந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி எண்ணியதில் பதவிக்கு வந்தவர் பாப் கிஸ். இருவர் இருவராக மோதவிட்டுப் பார்த்தால் எல்லாரையும் வெல்பவரோ ஆண்டி மான்ட்ரோல்! மறு ஆண்டே அம்முறையைக் கைவிட மக்கள் வாக்களித்தார்கள்.

சிங்கப்பூருக்கு வருவோம். 2011 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட நால்வருமே டான். டாக்டர் டோனி டான் 35.2 விழுக்காடு, டாக்டர் டான் செங் போக் 34.85 விழுக்காடு. வித்தியாசம் 7,382 வாக்குகள். டான் ஜீ சே, டான் கின் லியான் இருவருக்கும் சேர்ந்து விழுந்தவையோ 630,000க்கும் மேல். அந்த வாக்காளர்களின் அடுத்த தேர்வு யார்? எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. வாக்குச்சீட்டு அதைக் கேட்கவே இல்லை. ஒரே ஒரு பெருக்கல் குறிதான். 2023ல் திரு தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காட்டைத் தாண்டியதால் இந்தக் கேள்வியே எழவில்லை.

இலங்கையில் கேட்கிறார்கள். அங்கு வாக்காளர் மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம். 1982 முதல் தேவைப்படாத இரண்டாம் எண்ணிக்கை, 2024 செப்டம்பரில் முதன்முறையாக நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு, சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடு, யாருக்கும் பாதியைத் தாண்டவில்லை. மற்ற 36 பேரும் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்திருந்தவை சுமார் 3.3 மில்லியன் வாக்குகள். அவற்றில் முதலிருவருக்கு மாறி வந்தவை வெறும் 273,131. மற்றவர்கள் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது நீக்கப்பட்டவர்களுக்கே அடுத்த இடங்களையும் கொடுத்திருந்தார்கள். மாறி வந்தவற்றில் சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264. இடைவெளி 1.27 மில்லியனிலிருந்து 1.21 மில்லியனுக்குக் குறைந்தது. அநுர அதிபரானார்.