ஏட்டில் எழுதும் பெயரும் அமானிதமே

 

நம் ஆரணியில் தறி வைத்திருப்போரும் கடை நடத்துவோரும் புதிய ஆளைச் சேர்க்கும்போது, பெயரையும் வயதையும் வாய்மொழியாகக் கேட்டே ஏட்டில் எழுதிவிடுகின்றனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதைச் சிந்தியுங்கள்.

முதலாவது, வயது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலிக்கு அமர்த்தலாகாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வயதுக்கு ஆதார் போதாது. வருங்கால வைப்பு நிதி நிறுவனமே 2024 ஜனவரியில் அதைப் பிறந்த தேதிச் சான்றுகளிலிருந்து நீக்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ பாருங்கள்.

இரண்டாவது, பெயர். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் நம்மவர் பலவிதமாக எழுதுகின்றனர்; தந்தை பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் நிற்கிறது. வைப்பு நிதிப் பதிவில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளதோடு ஒவ்வாவிட்டால் பணம் தடைப்படும். உழைத்தவர் மவுத்தானபின் அலைபவர் அவருடைய மனைவியே. எழுதியவரோ அதை மறந்திருப்பார்.

ஆகவே, பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். வாரிசு நியமனத்தை அன்றே முடியுங்கள். நகலை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். பிறர் அசலைப் பிடித்துவைப்பது அமானிதத்திற்கு மாறானது.

உழைப்பவர் ஹக்கைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.