பள்ளியின் சேதி வீடு சேரட்டும்

(பொன்விழா ஆண்டின் பெற்றோர் நாளன்று நம் பங்கின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இத்தகைய விழா மேடைகளில் பள்ளியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். கட்டடம் எழும்பிய வரலாற்றையும், இங்கே படித்து உயர்ந்தவர்களின் சிறப்பையும் எங்களுக்கு முன் பேசியவர்கள் நிறைவாகக் கூறிவிட்டார்கள். ஆகவே எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் உங்களோடு பேச விரும்புகிறோம். உங்கள் பிள்ளை என்ன கற்றிருக்கிறது, எதை இன்னும் கற்கவில்லை என்ற சேதி உங்களுக்கு எப்படி வந்து சேருகிறது? முதலில், வந்து சேருகிறதா?

ஆண்டு முடிவில் பள்ளி வாசலுக்கு வரும் தாய்மாரும் தந்தையரும் எங்களைக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டீச்சர், எம் புள்ள பாஸா, பெயிலா? அத மட்டும் சொல்லுங்க." பாஸ்தான் என்கிறோம். முகம் மலர்ந்து போகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இன்று தொடக்க வகுப்புகளில் எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எல்லாக் குழந்தைகளும் அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். அப்படியானால் "பாஸ்" என்ற சொல் உங்களுக்குச் சொல்லும் சேதி என்ன? உங்கள் பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கிறது என்பதுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்களைத் தவறாக எண்ண வேண்டாம். நிறுத்தி வைக்காத ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்றே நாங்கள் கருதுகிறோம். ஏழு வயதுக் குழந்தையின் நெற்றியில் தோல்வி என்று எழுதி, தம்பியோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்த காலத்தில் எத்தனை பிள்ளைகள் வெட்கப்பட்டுப் பள்ளியை விட்டுக் கரையில் வலை இழுக்கப் போனார்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் அறிவார்கள். அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். "பெயில்" என்பது கொடிய சேதியாயினும் ஒரு சேதியாக இருந்தது. படிப்பறியாத தந்தைக்கும் அது விளங்கியது. இன்று அது இல்லை. அதன் இடத்தில் வேறொரு சேதி வந்து அமராவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை ஐந்து ஆண்டுகளும் நல்ல பிள்ளையாகவே வந்து போய்விடும். பிறகு ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்குச் சென்று, அங்கே முதல் மாதத்திலேயே உண்மை வெளிப்படும். பதினொரு வயதில் அந்தப் பிள்ளை படும் வேதனையை எண்ணித்தான் இந்தப் பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகள் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. நேரத்துக்கு வருவதும் பாடத்தை முடிப்பதும் மட்டுமல்ல. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, குழந்தையின் வருகை, கற்கும் ஆற்றல், கற்றலில் அது அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிப்பதும் கடமை என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பிள்ளையைப் பற்றிக் கேட்பது நீங்கள் எங்களிடம் எதிர்பார்க்கும் தயவு அல்ல. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பள்ளிக்குப் பெற்றோர் வருவது நம் நாட்டில் புதிதன்று. 1958-ஆம் ஆண்டு தொடங்கி நம் மாநிலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடைபெற்றன. காமராசர் முதலமைச்சராயிருந்த காலம். கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் பெருமுயற்சி. ஊரார் கரும்பலகையும் கடிகாரமும் பெஞ்சும் நாற்காலியும் தந்தார்கள். இல்லாதவர்கள் உடலுழைப்பைத் தந்தார்கள். பள்ளிக்குக் கொடுப்பதற்குத் தமிழ்ப் பெற்றோர் என்றும் பின்வாங்கியதில்லை. ஆயினும் கொடுப்பதற்கு வந்த அதே பெற்றோர், "என் மகளுக்கு வாசிக்க வருகிறதா?" என்று கேட்பதற்கு வந்தது குறைவு. பள்ளியிலிருந்து ஆள் வந்தால் ஒன்று நன்கொடை, இல்லாவிட்டால் புகார் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழ வேர் விட்டிருக்கிறது.

வீட்டுக்குச் சேதி சொல்லும் பணியைக் குழந்தைகளிடமே ஒப்படைக்கும் வழக்கம் நம் முத்துக்குளித்துறையில் பழையது. 1542-ல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், சிறுவர்கள் பள்ளியில் கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்கும்படி தாம் பணித்ததைக் குறிப்பிடுகிறார். படித்த பாடத்தைக் கொண்டு போகக் குழந்தையைவிடச் சிறந்த தூதுவர் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் தன்னைப் பற்றிய சேதியைக் கொண்டு போவதில் குழந்தை அவ்வளவு நம்பகமானதல்ல. பள்ளியிலிருந்து அனுப்பும் சுற்றறிக்கைகளில் பாதி மழைக்காலத்தில் காகிதக் கப்பலாகி விடுவதை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

ரேங்க் கார்டு கொண்டு போகிறதே என்பீர்கள். 2012-13-ஆம் கல்வியாண்டில் தொடர் மதிப்பீட்டு முறை வந்தபோது எண்களுக்கு அருகே எழுத்துகளும் சேர்ந்துகொண்டன. ஏ1, பி2 என்று அட்டையில் இருந்தது. ஒரு தந்தை அதைப் பார்த்துவிட்டு, "சென்னையில போலீஸ் ஸ்டேசனுக்குத்தான் இப்படிப் பேர் வைப்பாங்க" என்றார். சிரித்தோம், ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பின்னர் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். அழகான பெயர்கள். ஆனால் "உன் மகன் மொட்டு" என்று ஒரு தாயிடம் சொன்னால் அவர் மகிழ வேண்டுமா, கவலைப்பட வேண்டுமா?

இந்த வகையில் செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலமெங்கும் பரவிய முறை அது. தரையில் வட்டமாக அமர்ந்து படம் போட்ட அட்டைகளைக் கொண்டு குழந்தைகள் படித்தார்கள். சுவரில் கற்றல் ஏணி தொங்கியது. தொடக்கத்தில், "புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, இது என்ன விளையாட்டுப் பள்ளியா?" என்று பெற்றோர் பலர் குறைப்பட்டது உண்டு. ஆனால் ஏணியின் முன் நிறுத்தி, "இது உங்கள் மகள் நிற்கும் படி, இது அடுத்த படி" என்று காட்டியபோது, கையெழுத்துப் போடத் தெரியாத தாயும் அந்தப் படியில் விரல் வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டார். பெற்றோருக்குச் சொல்லும் சேதி அப்படி இருக்க வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி எது? பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட மேலா கீழா என்பது அந்தச் சேதியில் சேராது.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வழி சொல்லுகிறோம். இதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாடம் படிக்கச் சொன்னால் கணீரென்று படிக்கும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பல பிள்ளைகள் படிப்பதில்லை, ஒப்பிக்கிறார்கள். காதால் கேட்டு மனப்பாடம் செய்த பாடம் அது. பிள்ளையின் விரலைப் பாருங்கள். வாய் ஓடும் இடத்திலே விரலும் ஓடுகிறதா? "கடைசி வரியை முதலில் படி" என்று சொல்லுங்கள். திகைத்துப்போய் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினால், எழுத்து இன்னும் வசப்படவில்லை என்று பொருள். உடனே அடித்துவிடாதீர்கள், மறுநாள் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

நம் தமிழில் எழுத்துகள் 247. முப்பது எழுத்து வடிவங்களையும் சில குறிகளையும் அறிந்துகொண்டால் மற்றவை பெரும்பாலும் கைகூடிவிடும். இருந்தும் குழந்தைகள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. எழுத்தின் முன்னும் பின்னும் குறி வரும் கொ, கோ, கௌ போன்றவை ஓர் இடம். கு, சு, டு, பு என்று ஒவ்வொன்றுக்கும் வடிவம் மாறும் உகர எழுத்துகள் மற்றோர் இடம். பிறகு ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பது. "உங்கள் மகன் தமிழில் சுமார்" என்று நாங்கள் சொன்னால் அதைக் கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? "கொம்பு வைத்த எழுத்துகளில் தடுமாறுகிறான், ஒரு வாரம் பேருந்துப் பலகையையும் ரேஷன் கடைப் பலகையையும் படிக்கச் சொல்லுங்கள்" என்றால் செய்வதற்கு ஏதோ இருக்கிறது. இனி இந்த வகையில்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

சேதி ஒரு பக்கமாக மட்டும் ஓடினால் போதாது. நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதாமல் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தான். ஒருநாள் அவனை அழைத்துப் போக வந்த பாட்டி, "இவன் டிவி பெட்டிக்குள்ளேயே முகத்தை வச்சுக்கிட்டுப் பாக்கான் டீச்சர், சொன்னாக் கேக்க மாட்டேங்கான்" என்று பேச்சுவாக்கில் குறை சொன்னார். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். கண்ணாடி வந்தது, எட்டிப் பார்ப்பது நின்றது. பாட்டி சொன்னது புகார்தான். ஆனால் எந்தத் தேர்வும் சொல்லாத சேதி அதில் இருந்தது. வீட்டில் தந்தை ஊரில் இல்லை, தாய்க்கு உடல்நலமில்லை, பிள்ளை சித்தி வீட்டில் தங்கியிருக்கிறது என்பவை எல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டியவை. வீட்டு விஷயத்தை வெளியே எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். சொன்னது எங்களோடு நிற்கும்.

2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. மகளிர் குழுவைச் சேர்ந்த தாய்மார்களே சமைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் அறிவிப்புப் பலகையைவிட அந்த அடுப்படி வழியாகப் போகும் சேதியே விரைவாகப் போகிறது! நல்லது. ஆனால் எந்தப் பிள்ளை படிப்பில் பின்தங்கியிருக்கிறது என்பது அடுப்படிச் சேதியாகக் கூடாது. அது அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் எங்களுக்கும் மட்டும் உரியது.

கைப்பேசிக் குழுவைப் பற்றியும் இதையே சொல்லுகிறோம். வாட்ஸ்அப்பில் விடுமுறை அறிவிப்பும் தடுப்பூசி நாளும் விளையாட்டு விழாப் படங்களும் வரும். ஒரு பிள்ளையின் மதிப்பெண் அங்கே வராது. தனிப்பட்ட சேதியைத் தனியாக அனுப்புவோம். எழுத்துப் படிக்க இயலாதவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்புவோம். நீங்களும் அவ்வாறே பேசி அனுப்பலாம். கடலில் தங்கித் தொழில் செய்யும் தந்தையர் கரையேறியதும் கேட்டுக்கொள்ள இது வசதியாக இருக்கும். கைப்பேசி இல்லாத வீடுகளும் நம் பங்கில் உள்ளன. அந்த வீடுகளுக்கு அன்பியக் கூட்டத்தன்று நாங்களே நேரில் வருகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் பார்த்துப் பேசுவதற்கு ஈடில்லை. வேலை நாளில் கூட்டம் வைத்தால் தாய்மார் மட்டுமே வருகிறார்கள். தந்தையர் கடலில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஆதலால் பங்குத்தந்தை அவர்களின் இசைவோடு, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வகுப்புவாரியாகப் பெற்றோரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் நாள்களில் விசைப்படகுத் தொழிலாளர் பலர் அநேகமாக வீட்டில்தான் இருப்பார்கள். ஆகவே ஆண்டின் முதல் சந்திப்பை ஜூன் மாதத்திலேயே வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். அதன் நோட்டுப் புத்தகங்கள் மேசைமீது இருக்கும். பிள்ளையும் கூடவே இருக்கலாம். முதலில் அது உங்களுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டும். பிறகு நாம் பேசுவோம். நன்கொடைப் பேச்சு அந்த நாளில் எழாது என்று உறுதி கூறுகிறோம்.

வரும் ஞாயிறு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கீழ்க் கட்டடத்துக்கும், மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கிணற்றடிக்கு அருகிலுள்ள அறைக்கும் வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அதற்கடுத்த ஞாயிறு. தாய் தந்தையர் இருவராலும் வர இயலாத வீடுகளிலிருந்து பாட்டியோ தாத்தாவோ அண்ணனோ அக்காளோ வரலாம்.