வேலை போமில் வரும் ஒரு கேள்வி

(தோட்டத்துப் பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம பிள்ளைகள் இப்போது கொழும்புக் கடை, கார்மண்ட், செக்கியூரிட்டி, வெளிநாடு என்று பல வேலைக்கும் போம் நிரப்புகிறார்கள். அதில் ஒரு கேள்வி வரும்: "நீதிமன்றத்தால் எப்போதாவது குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டுள்ளீர்களா?" அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. சிலர் பயந்து போமையே கிழித்துப் போடுகிறார்கள்.

கேட்டது எதுவோ அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். பொலிசில் ஒரு ராத்திரி வைத்திருந்தது வேறு, நீதவான் தீர்ப்பு வேறு. 2009இல் முடிந்த யுத்த காலத்தில், கொழும்பில் வேலை செய்த எத்தனை மலையகப் பிள்ளைகளைச் சந்தேகத்தில் பிடித்து விசாரித்து விட்டார்கள்! வழக்கே இல்லாமல் வந்தவரும், வழக்கில் விடுதலையானவரும் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதலாம். அது பொய் இல்லை. "கைது செய்யப்பட்டதுண்டா?" என்றே கேட்டிருந்தால் மட்டும், கைதையும் விடுதலையையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம்ம லயங்களில் பெரிய தொல்லை கசிப்பு வழக்குத்தான். "ஒத்துக்கிட்டு தண்டப்பணத்தைக் கட்டு, பின்னேரமே வீட்டுக்கு வந்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தண்டப்பணமும் தண்டனைதான் ஐயா. வருஷக்கணக்காய்க் கூட வரும். ஆகவே ஒத்துக்கொள்ளும் முன்பே சட்டத்தரணியிடம் 306ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. வயது, நடத்தை, குற்றத்தின் சிறுமை பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ நீதவான் விடலாம். கேட்டவுடன் கிடைக்கும் என்றில்லை, அவர் மனம் வைக்க வேண்டும். கிடைத்தால் அந்த உத்தரவின் அத்தாட்சிப் பிரதியை எடுத்து, பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வையுங்கள். பிறகு யாராவது பழைய வழக்கைக் கிளறினால் அந்தக் கடதாசிதான் பேசும்.

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் போனால் சிறு தண்டனைகளைப் பல வேலைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படியே என்று நினைக்க வேண்டாம்.

உண்மையாகவே தண்டனை இருந்தால் 'ஆம்' என்று எழுதுங்கள். வருஷம், குற்றம், கட்டிய பணம், அதற்குப் பிறகு செய்த வேலை எல்லாம் இரண்டு வரியில் போதும். வேலை கிடைக்குமா? உறுதி சொல்ல எங்களால் முடியாது. ஒரு போத்தல் கசிப்புக்காக நல்ல பையனை ஒதுக்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள், அதில் எங்களுக்கும் கோபந்தான். ஆனால் அரசாங்க போமின் அடியில், பொய் தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற வாசகத்துக்குக் கீழேதான் கையொப்பம் வைக்கிறோம். கல்யாணம் முடித்து, கடனும் வாங்கிய பிறகு அப்படி வீட்டுக்கு அனுப்பினால் யார் தாங்குவது?

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். போம் கையில் இருப்பவர்கள் கொழுந்து நிறுத்த பிறகு நலன்புரி அறைக்குக் கொண்டு வாங்க. முதலில் பென்சிலால் எழுதிப் பார்ப்போம்.