பகைவனுக்கு நீட்டிய கை



பகைவரிடத்தும் அன்பு செலுத்துமாறு இயேசு பெருமான் மலைப்பிரசங்கத்திலே போதித்தார். கேட்பதற்கு இனிய இப்போதனை, உயிருக்கே ஆபத்து நேரும் வேளையிலும் கைக்கொள்ளத்தக்கதுதானா?

நெதர்லாந்தின் அஸ்பரன் என்னும் ஊரில் நிகழ்ந்த சம்பவமொன்றை, 1660ஆம் ஆண்டு வெளிவந்த 'தியாகிகளின் கண்ணாடி' என்னும் ஒல்லாந்த நூல் பதிவு செய்துள்ளது. டேர்க் வில்லெம்ஸ் என்பவர் அனபாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். வளர்ந்தபின் மறுபடி ஞானஸ்நானம் பெற்றதும், தம் வீட்டிலே இரகசியக் கூட்டங்கள் நடத்தியதும் அவர் மீதான குற்றங்கள். சிறையிடப்பட்ட அவர் துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்பியோடினார். உறைந்த நீர்நிலையின் மெல்லிய பனிக்கட்டியை அவர் கடந்துவிட்டார். துரத்தி வந்த காவலனோ பனிக்கட்டி உடைந்து நீருள் வீழ்ந்தான்.

வில்லெம்ஸ் ஓடியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தார், கைகொடுத்துத் தூக்கினார். உயிர்பிழைத்தவன் அவரை விட்டுவிடவே விரும்பினான். நகரத் தலைவரோ அவன் செய்த சத்தியப்பிரமாணத்தை நினைவூட்டி அதட்டினார். மீண்டும் பிடிபட்ட வில்லெம்ஸ், 1569 மே 16இல் உயிரோடு எரிக்கப்பட்டார்.

அப்படியாயின் அன்பு தோற்றதா? துரத்தியவனின் மனத்தை அது ஒரு கணத்திலே மாற்றியதே! வாளேந்தி நின்றிருந்தால் அவன் மனம் இளகியிராது. மாறாதிருந்தது கரையில் நின்ற அதிகாரம் ஒன்றுதான். தீங்கிழைத்தவரை நன்மையால் நாணச் செய்யும்படி நம் வள்ளுவரும் 'இன்னா செய்யாமை' அதிகாரத்திலே கூறினார். அந்த நாணத்துக்கு இடங்கொடாத ஆணைகள் உள்ளவரை சமாதானத்துக்கு வழியேது? நேயர்களே, சிந்திப்போம்.