மணவாளக்குறிச்சி மணலும் வல்லரசுகளின் பனிப்போரும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பந்திக்கு முன்னால் பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும். அதிலும் இது நாஞ்சில் நாட்டுப் பந்தி. அவியலும் பாயசமும் காத்திருக்கின்றன. ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நான் இங்கே பி.ஏ. வரலாறு படித்த காலத்தில் ஒரு நாள் பனிப்போர் பற்றிய பாடம். ட்ரூமன், ஸ்டாலின், பெர்லின், கொரியா என்று சார் அடுக்கிக்கொண்டே போனார். கடைசி பெஞ்சில் கடற்கரை ஊரிலிருந்து வந்த என் கூட்டாளி எழுந்து, "சார், அவிய ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டா நம்ம ஊருக்கு என்ன சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே "இரிடே" என்றார். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கேள்விக்கு அன்று எங்கள் யாரிடமும் பதில் இல்லை. இன்று என்னிடம் இருக்கிறது.

அந்தப் பதில் அவன் வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஆமாம், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைத்தான் சொல்கிறேன். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் இவற்றோடு மோனசைட் என்ற கனிமமும் உண்டு. நம் கரை மோனசைட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு தோரியம். 1909-ல் சோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். அந்நாளில் தோரியம் எதற்கு? விளக்கு மேண்டிலுக்கு! கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் இருக்கிறதே, அந்த மேண்டிலுக்கு உயிரே தோரியம்தான்.

1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அதோடு மணலின் மதிப்பே மாறிப்போயிற்று. தோரியம் நேரடியாக எரியாது. ஆனால் அணு உலையில் நியூட்ரானை வாங்கிக்கொண்டு யுரேனியம்-233 ஆக மாறும். அது அணு எரிபொருள். விளக்குத் திரிக்குப் போன சரக்கு வல்லரசுகளின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. சுதந்திர இந்தியாவோ கச்சா மோனசைட்டை வெளியே விடாமல் பூட்டி வைத்தது. 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் பிறந்தது. 1952 டிசம்பரில் ஆலுவாயில் அதன் ஆலையை நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இடையில் 1951-ல் நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு. இருபது லட்சம் டன் தானியம் கொடுக்கும்படி ட்ரூமன் அமெரிக்கக் காங்கிரசைக் கேட்டார். அங்கே சில உறுப்பினர்கள், "கோதுமை தருகிறோம், மோனசைட் தரட்டும்" என்று கிளப்பினார்கள். பசித்தவனிடம் பேரம்! நேரு அதற்கு இசையவில்லை. கடைசியில் அந்த ஜூன் மாதம் 19 கோடி டாலர் கடனாகக் கோதுமை வந்தது.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த சிக்கல். 1953-ல் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஒரு டன் தோரியம் நைட்ரேட் போலந்துக் கப்பல் ஒன்றில் கம்யூனிஸ்ட் சீனாவுக்குப் போனது. கொரியப் போர் ஓய்கிற நேரம் அது. இப்படிப்பட்ட சரக்கைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்பவர்களுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் பெயர் பேட்டில்; பெயரிலேயே சண்டை! இந்தியாவுக்கான உதவி மொத்தமும் நின்றுவிடும் நிலை. 'உதவிக்காக எங்கள் வியாபாரத்துக்கு நிபந்தனை போடாதே' என்று நேரு உறுதியாக நின்றார். முடிவில், இந்தியாவிடம் இருக்கும் தோரியம் நைட்ரேட்டை அமெரிக்காவே வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடாகி, விவகாரம் தீர்ந்தது.

இதெல்லாம் நடந்தபோது நம் ஊரில் யாருக்காவது தெரியுமா? 1953-ல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். நேசமணி அவர்கள் தலைமையில் தாய்த் தமிழகத்தோடு சேரும் போராட்டம்தான் அன்றைய பேச்செல்லாம். கம்யூனிசம் என்றால் நமக்குப் பூதப்பாண்டி ஜீவா. அமெரிக்கா என்றால் பால் பவுடர். வாஷிங்டனிலும் டில்லியிலும் நம் மணலைப் பற்றிப் பேசினார்கள். அந்த மணலில் கட்டுமரம் இழுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. கேட்டவர் அதைவிட இல்லை.

நேருவின் உறுதியை நான் மதிக்கிறேன். பசியைக் காட்டி மிரட்டியும் வளையாத நாடு நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையில் கடற்கரைக்காரனுக்கும் பங்கு இருக்க வேண்டாமா?

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது, பனிப்போரும் முடிந்தது. மணலின் கதை முடியவில்லை. 1996-ல் கல்பாக்கத்தில் யுரேனியம்-233 கொண்டு இயங்கும் காமினி என்ற சிறிய ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிமம் எடுக்கும் திட்டம் வந்தபோது கடற்கரை ஊர்கள் எதிர்த்து எழுந்தன. அணுசக்தி வேண்டும் என்பாரும் உண்டு. கரையும் உடம்பும் கெட்டுப்போகும் என்று அஞ்சுவாரும் உண்டு. இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் 1953-ல் நமக்குத் தெரியாமல் நடந்தது போல இனி நடக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். தெரிந்தவனால்தான் கேள்வி கேட்க முடியும்.

மாணவச் செல்வங்களே, வேதியியல் படிக்கிறவர்கள் மோனசைட்டைப் படியுங்கள். வரலாறு படிக்கிறவர்கள் பழைய பத்திரிகைகளையும் அரசு ஆவணங்களையும் புரட்டுங்கள். யாராவது எழுந்து, 'இதில் நம் ஊருக்கு என்ன?' என்று கேட்டால் சிரிக்காதீர்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவன் இதோ முன்வரிசையில் இருக்கிறான். மக்கா, பதில் சொல்ல இத்தனை வருஷம் ஆகிவிட்டது; பொறுத்துக்கொள். சரி, எல்லாரும் பந்திக்குப் போவோம்.